மஞ்சள் கல்லின் மறுபாதி

என் அன்பான அத்தானுக்கு,

நீங்கள் கண்ணை மூடி ஒரு வருஷம் முடியப் போகிறது. அக்காவைக் கட்டிய நாளிலிருந்து என்னைச் ‘சந்தேகப் பிராணி’ என்றுதான் கூப்பிடுவீர்கள். அந்தப் பிராணிதான் எழுதுகிறேன். காயல்பட்டினத்தில் நாம் சேர்ந்து வாங்கிய மஞ்சள் கல்லைப் பங்கு வைத்தபோது, என்னை ஏமாற்றினீர்களா இல்லையா?

சிரிக்காதீர்கள். இத்தனை வருஷமாக இந்தக் கேள்வியை மனசுக்குள் வைத்துக்கொண்டுதான் உங்கள் வீட்டில் சாப்பிட்டேன்.

ஊரில் அவனவன் நிலம் வாங்குவான், நகை வாங்குவான். நமக்கு வாய்த்த கிறுக்கு சவரக்கத்தியும் அதைத் தீட்டும் பழைய கல்லும். பழைய வீடு இடிக்கிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், உங்கள் ஸ்கூட்டர் என் வாசலில் நிற்கும். போகிற இடத்தில் நீங்கள் டீயைக் குடித்துக்கொண்டு வீட்டுக்காரரோடு ஊர்க்கதை பேசுவீர்கள். நான் கல்லின் அடியைச் சுரண்டிப் பார்ப்பேன், மோந்து பார்ப்பேன். சிமெண்டுக் கட்டிக்கு மஞ்சள் பூசி விற்பவனும், கல் வைக்கும் பெட்டியை டீத்தண்ணியில் ஊறவைத்துப் பழசாக்குபவனும் இருக்கிற உலகம் இது. பத்திரப் பதிவு அலுவலகத்தில் காலம் தள்ளியவன் கண்ணுக்கு எதிலும் வில்லங்கம்தான் தெரியும்.

காயல்பட்டினத்து முஸ்லிம் அண்ணாச்சி, அந்த ஊர் வழக்கப்படி காக்கா என்று கூப்பிடுவோமே, அவர் அந்தக் கல்லைக் கொண்டுவந்து வைத்தது ஞாபகம் இருக்கிறதா? “எங்க வாப்பா கொழும்புல இருந்து கொண்டாந்தது. நல்லாப் பாத்துட்டே எடுங்க” என்றார். இவ்வளவு பெருந்தன்மையாகப் பேசுகிறவர் எதையோ மறைக்கிறார் என்று எனக்குப் பட்டது.

“ஏலே, கல்லைப் பாருலே. காக்கா மூஞ்சியை எதுக்குப் பாக்கே?” என்று நீங்கள் அதட்டினீர்கள்.

கல் அசல்தான். பெல்ஜியத்து மஞ்சள் கல். முரட்டுக் கற்களில் எவ்வளவு தீட்டினாலும், கடைசியில் கத்தியை முகத்துக்குப் பழக்குவது அந்த மாதிரிக் கல்தான். இருந்தது ஒன்று, ஆசைப்பட்டது இரண்டு பேர். பேட்டையில் கல் அறுக்கும் பட்டறையில் கொடுத்து இரண்டாக்கலாம் என்று சொன்னது நீங்கள். மூத்தவர் பங்கு பிரித்தால் இளையவர் முதலில் எடுக்க வேண்டும், அதுதானே நம் பக்கத்து வழக்கம்? வயல் என்றாலும் அண்டா குண்டா என்றாலும் அப்படித்தானே நடக்கிறது? நீங்கள் மட்டும் ஒரு பாதியைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்து, “இந்தா ஒன் பங்கு” என்று என் கையில் திணித்தீர்கள்.

“இன்னொண்ணு எங்க அத்தான்?”

“வீட்டுல வச்சிட்டேம்லே.”

அன்றைக்குப் பிடித்த சந்தேகம். என் பங்கில் தீட்டிய கத்தி வெண்ணெய் மாதிரி வழித்தது. அது சந்தேகத்தைக் கூட்டத்தான் செய்தது. கொடுத்ததே இவ்வளவு நன்றாக இருந்தால், வைத்துக்கொண்டது எப்படி இருக்கும்?

அதற்கப்புறம் உங்கள் பாதியை நீங்கள் என் கண்ணில் காட்டவே இல்லை. கொஞ்ச நாளில் தாடி வேறு வளர்த்தீர்கள். கேட்டால் குலசை அம்மன் கோயில் தசராவுக்கு மாலை போட்டிருப்பதாகச் சொன்னீர்கள். தசரா முடிந்தது, தீபாவளி போனது, பொங்கல் வந்தது. தாடி இறங்கவில்லை. வழுவழுவென்று முகத்தைக் காட்டினால் எந்தக் கல்லில் தீட்டினீர்கள் என்று கேட்பேன், அதற்காகத்தான் இந்த வேஷம் என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

போன மாதம் அக்கா போன் பண்ணினாள். “ஏலே தம்பி, மதுரையில இருந்து ஒருத்தர் பேசுனாரு. அத்தான் வச்சிருந்த கல்லையெல்லாம் மொத்தமா எடுத்துக்கிடுதாராம். நீ வந்து கூட நில்லு.”

உங்கள் வீட்டு நம்பரை அந்த ஆளுக்கு யார் கொடுத்தது? மொத்தமாக எடுக்கிறேன் என்கிறவன் ஒன்றே ஒன்றைக் குறிவைத்துத்தான் வருவான். நானும் ஒன்றைக் குறிவைத்துத்தான் போனேன், அது வேறு விஷயம்.

அக்கா தரையில் செய்தித்தாளை விரித்து எல்லாக் கல்லையும் எடுத்து வைத்தாள். மஞ்சள் கல் அதில் இல்லை.

“மஞ்சக் கல்லு எங்கக்கா?”

அவள் முகம் மாறியது. “அது எதுக்குலே ஒனக்கு? ஒங்கிட்டதான் ஒண்ணு இருக்குல்லா.”

கூடப் பிறந்தவளும் இதில் கூட்டா? “சும்மா வேண்டாம், விலைக்கே எடுத்துக்கிடுதேன்” என்றேன். அவள் பீரோவைத் திறந்து, உங்கள் பழைய பனியனில் சுற்றிய பொட்டலத்தை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

பிரித்தேன். என்னுடையதைவிட ஒரு விரல்கடை நீளம் கூடுதல். அகப்பட்டுக்கொண்டீர்கள் அத்தான் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், சந்தோஷமாகக்கூட இருந்தது.

தண்ணீர் தெளித்தேன். நனைந்ததும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கறுப்பாக ஒரு நரம்பு தெரிந்தது. உங்கள் கத்தியை எடுத்து ஒரு இழுப்பு இழுத்தேன். கிர்ரென்று தட்டியது. கத்தியின் விளிம்பை நகத்தால் தடவினால் அங்கங்கே பல் பெயர்ந்திருந்தது. இதில் தீட்டி எந்த மனிதன் முகத்தில் வைப்பான்?

அக்கா அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். “அதுல தீட்டி மூஞ்சி பூராவும் கீறிக்கிட்டாவ. பொறவுதான் தாடி வளத்தாவ. குலசைக்கு மாலை போட்டதெல்லாம் சும்மா.”

“தெரிஞ்சேவா இதை வச்சிக்கிட்டாவ?”

“பட்டறையிலயே நரம்பு தெரிஞ்சிட்டாம். அதை ஒரு பக்கமா ஒதுக்கி அறுக்கச் சொல்லியிருக்காவ. அதனால இது நீளமாப் போச்சு. ‘அவனை எடுக்கச் சொன்னா நீளமானதைத்தான் எடுப்பான். நரம்பு இருக்குன்னு சொன்னா நம்பவா போறான்? நல்லதை நான் அமுக்கப் பாக்கேன்னு நினைப்பான்’னு சொல்லிச் சிரிச்சாவ. ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வேற.”

நியாயமா அத்தான் இது? ஆமாம், நீளமானதைத்தான் எடுத்திருப்பேன். நீங்கள் சொன்னால் நம்பியிருக்கவும் மாட்டேன். அதற்காக வாயை மூடிக்கொண்டே போய்விடுவதா? சட்டையைப் பிடித்து, “கிறுக்குப் பயலே, நல்லதுதாம்லே ஒங்கிட்ட இருக்கு” என்று கத்தியிருக்கலாமே. எனக்கு உங்கள் மேல் அப்படிக் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? அன்றைக்கு அக்கா முன்னால் உட்கார்ந்து அழுதேன். அவளும் அழுதாள்.

மதுரைக்காரரிடம் கொடுப்பதற்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். ஒருவேளை நல்ல மனிதராகக்கூட இருக்கலாம்.

இன்னொரு சேதி. பாளையங்கோட்டையில் இருக்கிற எங்கள் அப்பா வீட்டை நானும் அக்காவும் அடுத்த மாதம் பங்கு வைக்கிறோம். மூத்தவள் அவள், பிரிப்பது அவள். முதலில் எடுக்கும் முறை என்னுடையது. இதற்காக நான் போன வாரமே ரகசியமாகப் போய் டேப் பிடித்து அளந்து வைத்திருக்கிறேன். தெற்குப் பாதி கொஞ்சம் பெரிது.

அந்தக் கணக்கை நான் மறந்துவிடுவேன், அத்தான். அக்கா எந்தப் பக்கம் கையைக் காட்டுகிறாளோ அந்தப் பக்கம் போய்ப் படுத்துக்கொள்வேன். ஏன் என்று கேட்க மாட்டேன். இது உங்கள் மேல் சத்தியம்.

இப்படிக்கு,
உங்கள் பங்கையும் சேர்த்து வாங்கிக்கொண்ட மச்சினன்
சங்கரன்