பதினோராவது கேள்வி

வில்லோ கிரீக், அயோவா
1874 பிப்ரவரி 19, வியாழன் காலை

அன்புள்ள லைமன்,

இங்கே நான் நலம். நீங்களும் இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். திங்கட்கிழமை நீங்கள் ரயிலேறிப் போன பிறகுதான் பார்த்தேன், சாம்பல் நிறக் கழுத்துத்துணி ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. டெ மாய்ன் தெருக்களில் இங்கே அளவுக்குக் காற்று அடிக்காது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

நீங்கள் கேட்பதற்கு முன் வீட்டுச் செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். பம்பு இரண்டு நாள் உறைந்து கிடந்தது. வெந்நீர் ஊற்றி ஊற்றி இன்று காலைதான் அசைந்தது. பசு பாலைக் குறைத்துவிட்டது. முன்னறை ஜன்னல் இடுக்கில் பனி உள்ளே வருகிறது. பழைய செய்தித்தாளைச் சுருட்டி அடைத்திருக்கிறேன். வேறு ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

உங்கள் பதவி உயர்வு ஊருக்குத் தெரிந்துவிட்டது. நேற்று தபால் நிலையத்துக்குள் கால் வைத்ததுமே போஸ்ட்மாஸ்டர் எல்ட்ரெட் ஆரம்பித்துவிட்டார். "என்னம்மா, இனிமே நாங்கல்லாம் உங்க கண்ணுக்குத் தெரிவோமா? வாத்தியார் மாநிலத்துக்கே பெரிய ஏஜெண்டாமே! என் தாடிக்கு ஒரு இன்ஷூரன்ஸ் போட்டுத் தரச் சொல்லுங்க, பைப்பு பத்தவைக்கிறப்பல்லாம் கருகுது" என்றார். உள்ளேயிருந்து அவர் மனைவி, "தாடி கெடக்கட்டும், அந்த வாய்க்கு மொதல்ல போடச் சொல்லுங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து பின்னலைக் கையில் எடுத்து, ஒரு வரிசைகூடப் பின்னாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

களைப்பாக இருக்கிறது, லைமன். வேலையால் வந்த களைப்பென்றால் தூங்கி எழுந்தால் போய்விடும்.

செவ்வாயன்று ஹால்வரும் மாரித்தும் வந்தார்கள். பனிச்சறுக்கு வண்டியில், குழந்தையைக் கம்பளியில் பொதிந்து எடுத்துக்கொண்டு. வீடு எரிந்த நாளிலிருந்து அவர்கள் மாட்டுக்கொட்டகையின் ஒரு மூலையில் இருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். நான்கு வாரம் ஆகிறது. மாரித்தின் துணியில் மாட்டு வாடை இருந்தது. அதற்காக அவள் வெட்கப்பட்டு வாசலுக்குப் பக்கத்திலேயே நின்றாள். "உள்ள வந்து அடுப்புக்கிட்ட உக்காரும்மா" என்று நான் மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது.

உங்கள் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து அவர்களுக்குக் கடிதம் வந்திருக்கிறது. அதைப் படித்துச் சொல்லத்தான் வந்தார்கள். ஹால்வர் உங்கள் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படித்தவன்தான், ஆனால் அந்த மாதிரிக் கடிதங்கள் படித்துப் புரிந்துகொள்வதற்காக எழுதப்படுபவை அல்ல. நான் உரக்கப் படித்தேன். விண்ணப்பத்தின் பதினோராவது கேள்விக்கு, அதாவது செங்கல் புகைபோக்கி இல்லாமல் அடுப்புக் குழாய் நேராகக் கூரை வழியாக வெளியே போகிறதா என்ற கேள்விக்கு, 'இல்லை' என்று பொய்யான பதில் தரப்பட்டிருக்கிறது. சாம்பலைக் கிளறிப் பார்த்ததில், குழாய் கூரையைத் துளைத்தே போயிருந்தது தெரிகிறது. ஆகவே இழப்பீடு கிடையாது. பரிசோதகர் ஸ்டாக்வெல்லின் கையெழுத்து. 'மனமறிந்த பொய்' என்ற சொல்லை இரண்டு இடத்தில் போட்டிருக்கிறார். இரண்டாவது முறை அது வந்தபோது என் குரல் இறங்கிவிட்டது.

ஹால்வர் தொப்பியை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தான். பிறகு, "வாத்தியார் எழுதினா சரியாத்தான் இருக்கும். பனி விழறதுக்குள்ள புகைபோக்கி கட்டிடறேன்னு சொன்னவன் நான்தானே? கட்டலையே. அப்ப பொய் சொன்னது யாரு?" என்றான். மாரித் அவனை நார்வே மொழியில் ஏதோ அதட்டினாள். அவள் என் பக்கம் திரும்பி, "இவரு இப்பிடித்தாங்க. உங்க வீட்டுக்காரரப் பத்தி ஒரு சொல்லு சொல்ல விடமாட்டாரு. போதகரு கூப்பிட்டுக் கேட்டப்பவும் வாயத் தொறக்கல" என்றாள்.

விஷயம் அவர்கள் தேவாலயம்வரை போய்விட்டது. ஸ்டாக்வெல் தங்கியிருந்த விடுதியில் பேசியது பரவியிருக்கிறது. பொய் எழுதிக்கொடுத்தவன் சபை முன்னால் எழுந்து நின்று ஒப்புக்கொள்ளும்வரை அவனுக்கு நற்கருணைப் பந்தியில் இடம் கிடையாது என்று போதகர் சொல்லிவிட்டார். அவர்கள் சபை வழக்கம் நமக்குத் தெரிந்ததுதான். வரும் ஞாயிறு ஹால்வர் நிற்கப்போகிறான். 'நான் பொய் சொன்னேன்' என்று சொல்லப்போகிறான். அதன் பிறகு வசந்தம் வந்ததும் டகோட்டாவுக்கு, மாரித்தின் அண்ணனிடம். "அங்க யாருக்கும் எங்களத் தெரியாது" என்றாள் மாரித். சொல்லிவிட்டுக் குழந்தையின் குல்லாயைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

நான் அவர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. ரொட்டியும் ஆப்பிள் ஜாமும் கட்டிக் கொடுத்தேன். அதை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எனக்குக் கசப்பாக இருக்கிறது.

போன அக்டோபரில் அந்த மதியம் உங்களுக்கு நினைவிருக்கும். உங்கள் கை வீங்கிப் பேனாவைச் சரியாகப் பிடிக்க முடியாமல் இருந்தது. ஹால்வர் வீட்டிலிருந்து வந்து, அவன் விண்ணப்பத்தை நீங்கள் கிறுக்கியிருந்த தாளை என்னிடம் கொடுத்து, நல்ல எழுத்தில் படியெடுக்கச் சொன்னீர்கள். பதினோராவது கேள்விக்கு வந்ததும் நான் நிறுத்தினேன். "அந்த வீட்ல தகரக் குழாய்தானே கூரையில நீட்டிக்கிட்டிருக்கும்?" என்று கேட்டேன். நீங்கள் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே, "செங்கல் வந்து எறங்கியாச்சு அல்மீரா. பனி விழறதுக்குள்ள கட்டிருவான். ஆமான்னு எழுதினா கம்பெனி ஏத்துக்காது, அவன் இந்தக் குளிர்காலம் முழுக்க ஒரு காப்பும் இல்லாம இருக்கணும். நான் அவன ஏழு வருஷமா பாக்கறேன், சொன்னா செய்வான்" என்றீர்கள். நான் 'இல்லை' என்று எழுதினேன். அழகாக எழுதினேன். கடைசி எழுத்தின் வாலைக்கூட இழுத்துவிட்டேன்.

அவன் செய்திருப்பான், லைமன். ஆனால் போன நவம்பர் முதல் வாரத்திலேயே கடும் பனி வந்துவிட்டது. உறைபனியில் சுண்ணாம்புக் கலவை பிடிக்காது, மார்ச் வரை பொறு என்று கொத்தனார் போய்விட்டார்.

இரண்டு நாளாக ஒரு பழைய விஷயமே மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. நமக்குத் திருமணமாவதற்கு முந்தைய குளிர்காலம், பள்ளி மேற்பார்வையாளர் உங்கள் வருகைப் பதிவேட்டைப் பார்க்க வந்தார். பக்கத்துப் பள்ளியில் ஆசிரியையாக இருந்த என்னையும் துணைக்கு அழைத்து வந்திருந்தார். சோளம் ஒடிக்கப் போயிருந்த பெரிய பையன்கள் ஆறு பேருக்கும் அந்த வாரம் முழுக்க 'வந்தான்' என்று நீங்கள் முன்கூட்டியே போட்டுவைத்திருந்தீர்கள். வெள்ளிக்கிழமைக்குக்கூட. அன்று புதன். அவர் கேட்டதற்கு, "வருவாங்க சார். பேர அடிச்சுட்டா அப்பன்காரன் அதையே சாக்கா வெச்சு நிறுத்திருவான். வருவாங்கன்னு போட்டா, வந்துருவாங்க" என்றீர்கள். அவர் கோபமாகப் போய்விட்டார். நான் அன்றுதான் உங்களைக் கல்யாணம் செய்துகொள்ள முடிவு செய்தேன். உங்களிடம் இதுவரை சொன்னதில்லை. கல்லூரியில் நான்கு வருடம் அறநூல் படித்துவிட்டு வந்த பெண்ணுக்கு, ஒரு மனிதன் இப்படி ஒரு தவற்றை இவ்வளவு நிம்மதியாகச் செய்ய முடியும் என்பது ஆச்சரியமாக இருந்தது.

அந்த ஆறு பேரில் நான்கு பேர் வந்தார்கள். மற்ற இருவரை நாம் மறந்துவிட்டோம். பள்ளிக்கூடத்தில் அதனால் யார் வீடும் எரியவில்லை.

நீங்கள் ஏன் இந்தத் தொழிலுக்கு வந்தீர்கள் என்பதையும் நினைத்துப் பார்த்தேன். ஊரில் பலர் நினைக்கிற மாதிரி வருமானத்துக்காக மட்டும் இல்லை. பீல் குடும்பத்து வீடு எரிந்து, அந்த விதவை தன் பிள்ளைகளை வீட்டுக்கு ஒருவராகப் பிரித்துக் கொடுத்தாளே, அந்த வருடம் உங்கள் வகுப்பில் இரண்டு இருக்கை காலியாக இருந்தது. வேறு பிள்ளைகளை அங்கே உட்காரவைக்க மனம் வராமல் நீங்கள் வசந்தம்வரை அப்படியே விட்டுவைத்திருந்தீர்கள். ஏஜெண்டாகச் சேர்ந்த அன்று, இதுவும் பாடம் சொல்லித்தருவதுதான் என்றீர்கள். நான் நம்பினேன். இப்போதும் நம்புகிறேன் என்றுதான் எழுத வந்தேன்.

ஆனால் என்னைப் பற்றியும் உண்மையை எழுத வேண்டும். மணமான பிறகு எனக்குப் பள்ளி வேலை கிடையாது என்றார்கள். மூன்று வருடம், வாத்தியார்களுக்குள்ள வழக்கப்படி மாணவர்களின் வீடு வீடாக, வாரம் ஒரு வீடென்று, நாம் மூட்டையோடு தங்கினோம். யார் வீட்டு மாடியறையிலோ, ஆணி முனைகளில் பனி பூத்திருக்கும் கூரையின் கீழே, அடுத்தவர் படுக்கையில். இந்த வீடும், இந்த முன்னறையும், இந்தக் கம்பளமும் எனக்குப் பிடிக்கும். டெ மாய்னில் நூல் நிலையம் இருக்கிறது, பெண்கள் கூடிப் புத்தகம் படிக்கிறார்கள் என்று நீங்கள் சொன்னபோது, அங்கே நான் என்ன உடுத்திப் போவேன் என்பதுவரை யோசித்துவிட்டேன். ஹால்வரின் வீடு எரிந்த செய்தி வந்த அன்று நம் இருவருக்கும் பதினோராவது கேள்வி நினைவுக்கு வந்தது. நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. நானும் உங்களைப் பார்க்கவில்லை. பிறகு நான்கு வாரம் சாப்பாட்டு மேசையில் வானிலையைப் பற்றியே பேசினோம். உங்களை மட்டும் குற்றம் சொல்லி இதை எழுதவில்லை.

நேற்று தபால் நிலையத்திலிருந்து வந்த பிறகு, வண்டியை எடுத்துக்கொண்டு அவன் நிலத்துக்குப் போனேன். வீடு இருந்த இடத்தில் கறுப்புச் சதுரம். மேலே புதுப்பனி. அதிலிருந்து பத்தடி தள்ளி, தார்ப்பாய் மூடி, செங்கற்கள் அடுக்கியிருக்கின்றன. ஒன்றுகூடக் கருகவில்லை. ஹால்வர் வந்து தார்ப்பாயைத் தூக்கிக் காட்டினான். எண்ணூறு கல் என்றான். பரிசோதகர் வந்த அன்று அவரிடமும் இப்படித் தூக்கிக் காட்டினானாம். அவர், "கட்டின புகைபோக்கியக் காட்டுப்பா, கட்டப்போறத இல்ல" என்றாராம். ஹால்வர் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். பிறகு, "வாத்தியாருக்கு வேலை ஒசந்திருக்குன்னு கேள்விப்பட்டேன். சந்தோசம்னு சொல்லுங்க. நான் வாயத் தொறக்க மாட்டேன்னும் சொல்லுங்க" என்றான். இரண்டையும் சொல்லிவிட்டேன்.

நாளை மாலை இயக்குநர்கள் கூடும்போது, உங்கள் நியமனத்துக்கு முன் ஸ்டாக்வெல்லின் அறிக்கையில் உள்ளூர் ஏஜெண்டாக நீங்கள் கையெழுத்திட வேண்டும் என்று புறப்படும்போது சொன்னீர்கள். வழக்கமான சடங்கு என்றீர்கள். முகத்தைப் பெட்டிக்குள் கவிழ்த்துக்கொண்டு சொன்னீர்கள். இந்தக் கடிதம் இன்று மாலை ரயிலில் வந்தால் நாளைக் காலை உங்கள் கையில் இருக்கும்.

இதனுடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். நீங்கள் கிறுக்கிக் கொடுத்த அந்த முதல் தாள்தான். உங்கள் மேசையின் கீழ் இழுப்பறையில் இருந்தது. பதினோராவது கேள்விக்கு எதிரே முதலில் 'ஆம்' என்று ஹால்வர் சொன்னபடி எழுதி, பிறகு அதை அடித்து, 'இல்லை' என்று உங்கள் கையாலேயே போட்டிருக்கிறீர்கள். அவன் பொய் சொல்லவில்லை என்பதற்கு உலகத்தில் வேறு எழுத்துச் சாட்சி கிடையாது. நேற்று இதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றேன். அடுப்பு நன்றாகவே எரிந்துகொண்டிருந்தது. கடைசியில் விறகுதான் போட்டேன்.

கம்பெனியிடம் இருக்கும் படி என் கையெழுத்தில் இருக்கிறது. ஆகவே அதை யார் எழுதியது என்று கேட்டால் என் பெயரையும் சொல்லுங்கள். தெரிந்தே எழுதினாள் என்று சொல்லுங்கள். வேலை போனால் போகட்டும். இந்தக் கம்பளத்தைச் சுருட்ட எனக்கு அரை மணி நேரம் ஆகும். வீடு வீடாகத் தங்குவதற்கு எனக்கு இப்போது வயது நாற்பத்து நான்கு, அவ்வளவுதான் வித்தியாசம்.

சனிக்கிழமை மாலை ரயிலுக்கு வண்டியோடு வருவேன், கழுத்துத்துணியையும் கொண்டுவருவேன். நீங்கள் எந்தச் செய்தியோடு இறங்கினாலும் வீட்டில் சூப் இருக்கும், உங்கள் கைக்குத் தேய்க்கத் தைலமும் இருக்கும். அதில் மாற்றமில்லை.

ஞாயிறு காலை பத்து மணிக்கு அவர்கள் சபை கூடுகிறது. ஹால்வர் எழுந்து நிற்பதற்கு முன் நான் எழுந்து நிற்பதென்று முடிவு செய்திருக்கிறேன். நார்வே மொழி எனக்குத் தெரியாது. சொல்ல வேண்டியது சின்ன வாக்கியம்தான், மாரித்திடம் கேட்டுக்கொள்கிறேன். கடைசி வரிசையில் இருப்பேன். பக்கத்தில் ஒரு இடம் விட்டுவைப்பேன். நீங்கள் வருவீர்கள் என்று இப்போதே எங்கும் குறித்துவைக்கவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கடவுள் உங்கள் கைக்குப் பலம் தரட்டும்.

என்றும் உங்கள்,
அல்மீரா