பாஸ்டனா புரூக்ளினா என்று சொல்லாமல் போனவனுக்கு

அடேய் ரஹீம், என் அன்பே, அழிச்சாட்டியமே,

நீ நிம்மதியாக மண்ணுக்குள் படுத்துவிட்டாய். தஞ்சாவூருக்கும் அதிராம்பட்டினத்துக்கும் பஸ் ஏறி இறங்கி என் இடுப்பு ஒடிகிறது. எல்லாம் உன் பேஸ்பாலால் வந்த வினை.

துபாயில் நீ கார் ஓட்டிய அமெரிக்க முதலாளியின் தாத்தா, நூறு வருஷத்துக்கு முன்னால் பார்த்த ஆட்டம். பாஸ்டன் மைதானத்தில் பாஸ்டனுக்கும் புரூக்ளினுக்கும். கட்டையால் பந்தை அடித்து நாலு மூலையும் சுற்றி வந்தால் ஓர் ஓட்டம். அணிக்கு ஒன்று எடுத்த பிறகு, சாயங்காலம்வரை ஒருத்தனும் அடுத்ததை எடுக்கவில்லை. பந்து எறிந்த இருவரும் கடைசிவரை மாறவுமில்லை. உன் துணிக்கடையில் எத்தனை முறை சொல்லியிருப்பாய்! முடிவு என்னவென்று நான் கேட்டால் மட்டும் கஸ்டமர் வந்துவிடுவார்.

உனக்காக ஓதிய நாற்பதாம் நாள் பாத்திஹாவில் சஹன் சாப்பாடு. ஒரே பெரிய தட்டைச் சுற்றி நான், உன் மச்சான் காதர், இன்னும் இரண்டு பேர். உன் வாய்ச்சவடாலைப் பற்றிப் பேச்சு வந்தது.

"கடைசியில புரூக்ளின் ஜெயிச்சத என்னமா சொல்லுவாரு!" என்றார் காதர்.

கதவுக்குப் பின்னாலிருந்து அவர் தங்கை, உன் பெண்டாட்டி ஜமீலா, அண்ணனை மறித்து, "இல்ல காக்கா, பாஸ்டன். அவங்களே எங்கிட்ட சொன்னாங்க."

"அப்ப எங்கிட்ட பொய்யா சொன்னாரு?"

"கட்டுனவ எங்கிட்ட மட்டும் பொய் சொல்வாங்களா?"

காதர் சஹனிலிருந்து பாதியில் எழுந்துவிட்டார். சேர்ந்து தின்னும் தட்டிலிருந்து ஒருவர் எழுந்தால் மற்றவர் கை என்ன செய்யும்? என் கை வெட்கமில்லாமல் கறித்துண்டைத் தேடியது, அது வேறு விஷயம். அன்று போனவர் தங்கை வீட்டு வாசலை மிதிக்கவில்லை. ஜமீலா போனில் அழுதாள். "அவங்களும் இல்ல, காக்காவும் இல்ல. நீங்கதாண்ணே கண்டுபிடிச்சுச் சொல்லணும்."

முதலில் கண்ணாடியைத் தேடி, பிறகு போனில் தேடினேன். உன்னை என்ன செய்தால் தகும்? யாருமே ஜெயிக்கவில்லை! மைதானத்தில் விளக்கில்லை, இருட்டிவிட்டது, ஆட்டம் போதுமென்று நடுவர் அனுப்பிவிட்டார். மருமகன் பாஸ்டனில் இருக்கிறார் என்று பெண்டாட்டிக்கு பாஸ்டன். மலேசியாவில் பாதி ஆயுளைக் கழித்த மச்சானுக்கு வெளியூர்க்காரன் ஜெயிக்க வேண்டும், அதனால் புரூக்ளின். ஆளுக்கேற்ற மாதிரி துணி கிழித்தவன்தானே நீ? செத்தவனைக் காட்டிக்கொடுக்கிற வேலையை எனக்கு வைத்தாயே, இது நியாயமா?

வேறு வழி? ஜமீலாவுக்கு உடம்பு முடியவில்லை என்று நானும் ஒரு பொய் சொன்னேன். காதர் செருப்பில்லாமல் ஓடிவந்தார். இருவரையும் வைத்துக்கொண்டு உண்மையைப் போட்டு உடைத்தேன்.

 கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு. நீ போனபின் நான் கேட்ட முதல் சிரிப்பு.

"வெளிச்சம் இல்லாமயா போனாங்க? இதுக்கா சோத்துலேர்ந்து எழுந்தீங்க காக்கா?"

"ஒம் மாப்புள எங்கள நல்லா ஏமாத்திட்டாரும்மா."

"அவங்க யாரத்தான் ஏமாத்தல? உக்காருங்க. கொடுவா மீன் ஆணம் இருக்கு."

காதர் உட்கார்ந்தார். இரண்டு கவளம் இறங்கியிருக்காது. இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்திருந்தால் யார் ஜெயித்திருப்பார்கள் என்று அண்ணனும் தங்கையும் மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள். நான் குழம்புக் கையோடு தலையில் அடித்துக்கொண்டேன்.

உன் வருஷப் பாத்திஹாவுக்கும் வருவேன். யார் எழுந்தாலும் கையைப் பிடித்து உட்காரவைப்பேன், இது சத்தியம். நீ மட்டும் அங்கே யாரிடமும் இந்த ஆட்டத்தை அளக்காதே. சமாதானம் பேச நான் வருவதற்கு நாளாகும்.

உன் மச்சானுக்கு மச்சானாகவும் உன் புளுகுக்கு ஜாமீனாகவும் மாட்டிக்கொண்ட
உன் கூடப்பிறக்காத சகோதரன்,
சேது