வராத ரி

இன்று காலை முதல் ஷிப்ட் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்த இரண்டு பெண்கள் ஒரே பாட்டிலில் தண்ணீர் குடித்தார்கள். தெற்கே எங்கிருந்தோ வந்து குன்றத்தூரில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் பெண்கள். தூக்கிக் குடிக்கவில்லை. ஒருத்தி பாட்டிலின் வாயை அப்படியே கவ்வி, கன்னம் உப்பக் குடித்துவிட்டு நீட்டினாள். மற்றவள் அதே ஈரத்தின் மேல் வாய் வைத்தாள். எனக்குக் குமட்டியது. ஜன்னல் பக்கம் திரும்பி, வரிசையாக நின்றிருந்த கண்டெய்னர் லாரிகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

குமட்டல் அடங்கியதும் உன் ஞாபகம் வந்தது. உன் ஞாபகம் வந்ததும் குமட்டல் திரும்பி வந்தது, இந்த முறை என்மேல். நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. நீ உயிரோடு இருந்தபோது சொல்லாததை இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். திருப்பிக் கேள்வி கேட்க நீ இல்லை என்கிற தைரியம்தான்.

கார்களுக்குள் போகும் ஒயர்களைக் கட்டுகிற லைனில் நீயும் நானும் பக்கத்துப் பக்கத்து ஸ்டேஷன். நான் டேப் சுற்றித் தள்ளினால் நீ கிளிப் மாட்டித் தள்ளுவாய். கம்பெனியில் யார் கேட்டாலும் ஒரே ஊர் என்போம். ஊருக்குள் போனால் நான் ஊர், நீ காலனி. பஸ்ஸில் வாய் நிறைய என்னை ‘இன்னாடி’ என்பாய். நம் ஸ்டாப்பில் இறங்கிக் கால் மண்ணில் பட்டதும் ‘வரேன்க்கா’ என்று சொல்லிவிட்டு இடது பக்கம் நடப்பாய். இருவருக்கும் ஒரே வயது. அந்த ‘க்கா’ எப்படி வந்தது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. வரவேண்டிய இடத்தில் வருகிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

மவுத் ஆர்கன் ஆசை உனக்குத்தான் முதலில் வந்தது. யாரோ ஒரு கிழவர் ரயிலில் வாசிக்கும் வீடியோவைப் போனில் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினாய். நான் வேண்டுதலுக்காகக் குன்றத்தூர் மலைக் கோயிலுக்குப் போன அன்று கூடவே வந்தாய். நீ சர்ச்சுக்குப் போகிறவள். நான் படியேறி இறங்கும்வரை கடைத்தெருவில் சுற்றிக்கொண்டிருந்தாய். கித்தார்கள் தொங்கிய ஒரு சின்னக் கடையைக் கண்டுபிடித்தும் வைத்திருந்தாய். ஆளுக்கொன்று வாங்கலாம் என்றேன்.

“ரெண்டா? நம்ம மூஞ்சிக்கு ஒண்ணு போதும்டி. பாதில வுட்டுட்டோம்னா ஒண்ணோட போவட்டும்” என்றாய்.

அந்தக் கடையிலேயே அதை எப்படித் துடைப்பது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். உனக்கு என்ன தெரியும் அது.

சொம்பைத் தூக்கிக் குடிக்கலாம். பாட்டிலைத் தூக்கிக் குடிக்கலாம். மவுத் ஆர்கனைத் தூக்கி வாசிக்க முடியாது. உதடு முழுக்க அதன்மேல் உட்கார வேண்டும். அதிலும் நாம் கற்றுக்குட்டிகள். ஒரு துளையில் ஊதத் தெரியாமல் நான்கைந்து துளைகளைச் சேர்த்துக் கவ்வுவோம், எச்சில் ஒழுகும். பத்து நிமிடம் வாசித்தால் உள்ளே தகடெல்லாம் நனைந்து சத்தம் கொழகொழவென்று வரும். நீ அதைக் கவிழ்த்து உள்ளங்கையில் தட்டுவாய். இரண்டு மூன்று சொட்டு விழும். கையைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டு, “துப்பல்லாம் உள்ள போயி மாட்டிக்கினு கீது, இப்ப ஊது” என்று நீட்டுவாய்.

நான் பையிலிருந்து சானிடைசரை எடுப்பேன். பஞ்சில் நனைத்துத் துளைத்துளையாகத் துடைப்பேன். பிறகு துப்பட்டா முனையால் ஒருமுறை. கொரோனா போய்விட்டிருந்தது, ஆனால் அது விட்டுப்போன நல்ல சாக்கு ஒன்று என் பையில் இருந்தது. “நம்ம டாக்டரம்மா ஆபரேசனுக்கு ரெடி ஆவறாங்க” என்று பஸ்ஸெல்லாம் கேட்கக் கிண்டல் செய்வாய். நானும் சிரிப்பேன். நான் வாசித்துவிட்டுக் கொடுத்தால் நீ துடைக்கவே மாட்டாய். வாங்கி நேராக வாயில் வைப்பாய். அதைப் பார்த்தாலும் எனக்கு அருவருப்பாகத்தான் இருக்கும். இவளுக்குச் சுத்தம் தெரியவில்லையே என்று நினைப்பேன், பார்த்துக்கொள்.

அந்தக் கருவியில் ஒரு விஷயம் இருக்கிறது. ஊதினால் ச, க, ப. உறிஞ்சினால் ரி, ம, த, நி. மூச்சை வெளியே விட்டாலும் உள்ளே இழுத்தாலும் சத்தம் வரும், ஆனால் வேறு வேறு சுரம். ஊதுவதை நான் எப்படியோ பழகிக்கொண்டேன். என் மூச்சு வெளியேதானே போகிறது. உறிஞ்சுவது முடியவில்லை. எத்தனை துடைத்தாலும் உள்ளே தகட்டில் உன் எச்சில் இருக்கும், இழுத்தால் அது என் தொண்டைக்கு வரும் என்று தோன்றும். உதட்டை வைத்து இழுப்பதுபோல் பாவனை செய்வேன். காற்று உள்ளே போகாது, ரி வராது. மூன்று மாதம் ஆகியும் நான் ச-க-ப வாசித்துக்கொண்டிருந்தேன், நீ முழு மெட்டு வாசித்துக்கொண்டிருந்தாய்.

நீ அதை என் நெஞ்சுக் கோளாறு என்று நம்பினாய். அதை நினைத்தால்தான் இப்போதும் தாங்கவில்லை. “உனக்கு மூச்சு உள்ள போவலடி, சளி கட்டிக்கினு கீது” என்று தூதுவளை பறித்துவந்தாய். சாயங்காலம் ஆவி பிடிக்கச் சொன்னாய். லைனில் நின்றபடியே என் முதுகில் கை வைத்து, “இழு, இன்னும் இழு” என்று மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தாய். நானும் இருமிக் காட்டினேன். தூதுவளையை வீட்டுக்கு எடுத்துப்போய் மாட்டுக்குப் போட்டேன்.

கேன்டீனில் எத்தனையோ பேர் தின்ற தட்டில் நான் தினமும் சாப்பிட்டேன். அதற்குக் குமட்டவில்லை. யார் வாய் என்று தெரியாது, அவ்வளவுதான். என் அருவருப்புக்கு ஆளின் பெயரும் தெருவும் தெரிய வேண்டியிருந்தது. அப்போது இப்படிச் சொல்லத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

குடும்பத்தோடு வரச்சொல்லிக் கம்பெனி நடத்தும் ஃபேமிலி டேக்கு யார் யார் நிகழ்ச்சி செய்கிறீர்கள் என்று பெயர் கேட்டபோது நீ என்னைக் கேட்காமலே இரண்டு பெயரையும் கொடுத்துவிட்டாய். எல்லோருக்கும் தெரிந்த ஒரு பழைய மெட்டு, நான்கு வரி. ஒன்றும் மூன்றும் உனக்கு. இரண்டும் நான்கும் எனக்கு. மேடையில் கைமாற்றிக் கைமாற்றி வாசிக்க வேண்டும். “அதுக்குள்ள உன் ரி வந்துடும்டி, கூட்டம் அப்படியே அசந்துடும் பாரு” என்றாய். மேடைக்கு எதிரே என் மாமியாரும் புருஷனும் உட்கார்ந்திருப்பார்கள் என்பது மட்டும்தான் என் மனதில் ஓடியது.

அதற்கு இரண்டு வாரம் முன்னால் பஸ்ஸில் அது நடந்தது. லைன் லீடர் எங்கள் தெருக்காரி, எனக்குச் சித்தி முறை. பாக்குப் போடாமல் அவளுக்கு ஒரு மணி நேரம் போகாது. “குடு, நானும் ஊதிப் பாக்கறேன்” என்று உன் கையிலிருந்து வாங்கினாள். முந்தானையால் அழுத்தி அழுத்தித் துடைத்துவிட்டு, கண்டபடி ஊதினாள். சிரித்துக்கொண்டே என்னிடம் நீட்டினாள். சிவப்பாக ஒரு பாக்குத் துகள் மூன்றாவது துளையில் ஒட்டியிருந்தது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, நகத்தால் அதைத் தட்டிவிட்டு, வாயில் வைத்தேன். சித்தியிடம் என் திறமையைக் காட்ட வேண்டுமே. ச ஊதினேன். அடுத்து மூச்சை இழுத்தேன். ரி வந்தது. க, ம, ப, த, நி, மேல் ச என்று படியேறிப் போய் நின்றது. பஸ்ஸில் கைதட்டினார்கள்.

நீ முன் சீட்டிலிருந்து திரும்பினாய். முதலில் உன் முகத்தில் சந்தோஷம்தான் வந்தது. “வந்துட்ச்சிடி உன் ரி” என்றாய். பிறகு என் கையைப் பார்த்தாய். பஞ்சு இல்லை, பாட்டில் இல்லை. பை மூடியிருந்தது. சித்தியின் வாயைப் பார்த்தாய். முன்பக்கம் திரும்பிக்கொண்டாய்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டாய். சத்தம் போடவில்லை, சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாய்.

“எனக்கு மட்டுந்தானா?”

“இன்னாது?”

“தொடைக்கறது.”

“சீ, கொரோனாலேர்ந்து பழக்கம்டி அது.”

“அவங்க பாக்கு வாய்ல இல்லாத கொரோனாவா என் வாய்ல கீது?”

நான் தண்ணீர் பிடித்துவரப் போவதுபோல் எழுந்துவிட்டேன். நீ என்னை விட்டுவிட்டாய். திரும்பி வந்தபோது மேலாளரின் புதுச் சட்டையைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தாய். நான் தப்பித்தேன் என்று நினைத்தேன். வெட்கமே இல்லாமல் நிம்மதியாக இருந்தது.

ஃபேமிலி டே அன்று எனக்குத் தொண்டை வலி என்று சொல்லி அனுப்பினேன். நீ பட்டியலில் என் பெயரை அடிக்கச் சொல்லவில்லை போலிருக்கிறது. மைக்கில் இரண்டு பெயரும் வந்தது. மாமியார் என்னைப் பார்த்தார். நான் கழுத்தைப் பிடித்துக் காட்டினேன். நீ பச்சைப் புடவையில் தனியாக மேடையேறினாய். முதல் வரி வாசித்தாய். பிசிறே இல்லை. பிறகு மவுத் ஆர்கனை வாயிலிருந்து எடுத்துவிட்டு நின்றாய். ஒரு வரி வாசிக்க எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம், காலால் தாளம் போட்டபடி, சும்மா நின்றாய். அப்புறம் மூன்றாவது வரி. திரும்பவும் நின்றாய். கும்பிட்டுவிட்டு இறங்கினாய்.

பின்வரிசையில் சிரித்தார்கள். “பாவம், பாதிய மறந்துட்டா போல கீது” என்றார் மாமியார். ஆமாம் என்றேன். உனக்கு நான்கு வரியும் தண்ணீர் பட்ட பாடு என்று அந்த மண்டபத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஆமாம் என்றேன்.

அதன்பிறகும் என்னோடு பேசினாய், சிரித்தாய், சோற்றுக்கு இடம் பிடித்து வைத்தாய். மவுத் ஆர்கனை மட்டும் பஸ்ஸுக்குக் கொண்டுவரவில்லை. எங்கே என்று நான் கேட்கவில்லை. சொல்ல வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றிய நாட்களும் உண்டு. ஆனால் கேட்டால் எதற்கு என்று அதன் பெயரைச் சொல்ல வேண்டும். பெயர் சொன்னால் நான் இன்னார் என்று ஆகிவிடும். நாளை பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். மழை முடிந்த மாதத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். ஐந்தாம் நாள் உன் ஸ்டேஷனில் புதிதாக ஒரு பெண்ணை நிறுத்தினார்கள். நீ இன்னும் லீவில்தான் இருக்கிறாய் என்று நினைத்து அவளிடம் கிளிப்பை எப்படி மாட்டுவது என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். சித்திதான் வந்து விஷயத்தைச் சொன்னாள்.

அன்றுதான் முதல்முறையாக உன் வீட்டுக்கு வந்தேன். ஒரே ஊரில் இத்தனை வருஷம், முதல்முறை. ஷாமியானாவுக்குக் கீழே உன் தங்கை எல்லோருக்கும் காபி கொடுத்துக்கொண்டு வந்தாள். என் முன்னால் வந்ததும் தட்டு ஒரு நொடி நின்றது. சாவு வீட்டில் நாங்கள் எதுவும் சாப்பிடுவதில்லை என்றேன். எனக்கு எங்கே போனாலும் ஒரு சாக்கு கிடைத்துவிடுகிறது. அவளும் தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போனாள். பழகியவள்போல் போனாள்.

கிளம்பும்போது உன் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்தார். அழுது அழுது குரல் போயிருந்தது.

“அக்கா, இது உங்க ரெண்டு பேர்துன்னு சொல்லிக்கினு இருந்தா. ஆஸ்பத்திரில கூட சொன்னா, அவகிட்ட குடுத்துருன்னு.” கவரை என் கையில் வைத்துவிட்டுச் சொன்னார். “நல்லா சுடுதண்ணில சோப்பு போட்டுக் கழுவிட்டேன்க்கா. கழுவித்தான் குடுக்கணும், அவளுக்கு அப்பிடி இருந்தாதான் ஒத்துக்கும்னு சொன்னா.”

அவர் முகத்தில் குத்தல் எதுவும் இல்லை. எனக்கு ஏதோ அலர்ஜி என்று நீ சொல்லியிருப்பாய். என்னைக் காட்டிக்கொடுக்காமல், காய்ச்சலில் கிடந்தபோதும் எனக்காக ஒரு சாக்கு தேடியிருக்கிறாய். பெண்டாட்டி செத்த வீட்டில், அவள் வாய்பட்டதை எனக்காக உரசி உரசிக் கழுவியிருக்கிறார் அந்த மனுஷன்.

நான் அழுதிருக்கலாம். ஏன் கழுவினீர்கள் என்று கேட்டிருக்கலாம். குறைந்தது வாயை மூடிக்கொண்டாவது வந்திருக்கலாம்.

“ரொம்ப தேங்க்ஸ்ப்பா” என்றேன்.