மணியை நிறுத்தச் சொன்ன அத்தைக்கு

ஸ்டைன்மோஸ்,
நவம்பர், ஞாயிறு மாலை.

அன்பும் மரியாதையும் நிறைந்த புர்கி அத்தைக்கு,

ரேசி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். மாடுகளை மலையிலிருந்து இறக்கியாயிற்று. அப்பாவின் இடுப்பு வலி குளிரோடு சேர்ந்து திரும்பி வந்திருக்கிறது. அங்கே ஹாம்பர்க்கில் மழையும் காற்றுமாக இருக்கும். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது?

நீங்கள் சொன்னதைச் செய்துவிட்டேன். உங்கள் ரசிகர் மன்றத்தின் ஆண்டுக் கூட்டத்தில், எழுந்து நின்று உங்கள் கடிதத்தை வாசித்தேன். பனிச்சறுக்குப் பந்தயத்தை விட்டுப் பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன, மன்றத்தைக் கலைத்துவிட்டு, சரிவோரம் நின்று எனக்காக அடித்த மாட்டு மணிகளை லுட்வினாவிடம் கொடுங்கள் என்பது வரை ஒரு வரியும் விடவில்லை. நாலு பேர் முன் வாய் திறக்கக் கூசுகிறவள் நான். முன்னால் நாலு பேரா இருந்தார்கள்? நாற்காலி போதாமல் தேவாலயத்து பெஞ்சுகளைத் தூக்கி வந்திருந்தார்கள். நீங்கள் ஓய்வு பெற்ற பிறகு பிறந்ததுகள் முன்வரிசையில் பிரெட்சல் ரொட்டி தின்றுகொண்டிருந்தன.

மன்றத் தலைவர் கோர்பினியன் மீசையிலிருந்த பியர் நுரையைத் துடைத்துக்கொண்டார். "ஏம்மா ரேசி, உங்க அத்தை இந்த மன்றத்துல உறுப்பினரா?" என்று கேட்டார். இல்லை. இத்தனை வருடத்தில் உங்களைச் சேர்க்க யாருக்கும் தோன்றவேயில்லை. "அப்போ அவளுக்கு இங்க ஓட்டே கிடையாது. வெளியாள் சொன்னா கலைச்சிடறதா? விதின்னு ஒண்ணு இருக்குல்ல?" என்றார். மேசைகள் அதிர்ந்தன.

இந்த ஆண்டு தேசிய இளையோர் அணிக்குத் தேர்வான லுட்வினாவும் எழுந்தாள். "அவங்க மணி எனக்கு வேணாம். முதல்ல நான் ஒரு தடவை நல்லாத் தோத்துட்டு வரேன். அப்பவும் அடிக்கிறவங்க என் மன்றத்துக்கு வாங்க" என்றாள்.

அத்தை, நீங்கள் ஏன் ஊருக்கு வருவதில்லை என்று நான் கேட்டதில்லை. அந்தக் கடைசிப் பந்தயத்தில், நம் ஊர்ப் பனிச்சரிவிலேயே, சுற்றி வர வேண்டிய கொடிகளில் ஒன்றைத் தவறவிட்டீர்கள். பந்தயத்திலிருந்து விலகாமல், பக்கவாட்டில் அடியடியாக மேலே ஏறி, அந்தக் கொடியைச் சுற்றிக் கடைசியாக வந்து சேர்ந்தீர்கள். நீங்கள் கீழே வரும்வரை மணிகள் ஓயவில்லை. அது இரக்கம் என்று நினைத்துத்தான் ஊரை விட்டுப் போனீர்கள் என்கிறார் அப்பா.

கோர்பினியன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பதக்கத்துக்கு அடிச்ச மணியெல்லாம் அன்னன்னிக்கே தீந்துபோச்சு. அவ திரும்பி ஏறினா பாரு, அதுக்குத்தான் இன்னும் அடிச்சிட்டிருக்கோம்." இங்கே பிள்ளைகள் பந்தயத்தில் கொடியை விட்டவர்கள் திரும்பி ஏறுவதற்கு 'புர்கி போடுறது' என்று பெயர். போன வாரம் ஒரு பொடிப்பெண் மூக்கொழுக அழுதுகொண்டே புர்கி போட்டாள். முதலில் வந்தவளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வாக்கெடுப்பில், கலைக்கலாம் என்று உங்கள் சார்பில் ஒரு கையாவது உயரட்டுமே என்று என் கையைத் தூக்கினேன். பாதியில் இறக்கிவிட்டேன். அது நீங்கள் தூக்க வேண்டிய கை.

உங்களை உறுப்பினராகச் சேர்க்கத் தீர்மானம் நிறைவேறியிருக்கிறது. மன்றத்தைக் கலைக்க வேண்டுமென்றால் நேரில் வந்து கை தூக்க வேண்டுமாம். எந்த நாளானாலும் கூட்டம் போடுகிறாராம் கோர்பினியன். இரண்டு வாரம் முன்னால் சொல்ல வேண்டும், அதுவும் விதி.

எதிர்த்து ஓட்டுப் போடவாவது வாருங்கள், அத்தை. ரயிலடிக்கு நான் வருகிறேன். என் கையில் மணி இருக்காது. மற்றவர்களுக்கு நான் பொறுப்பில்லை.

முழங்காலைக் குளிரில் விடாதீர்கள்.

உங்கள் அண்ணன் மகள்,
ரேசி