கந்தோர்க்காரரின் பத்தியம்

ஹுன்னஸ்கிரிய,
1874 செப்டம்பர் 6

அண்ணன் சுந்தரலிங்கம் அவர்களுக்கு,

உங்களுக்கு ஒரு நோயும் இல்லை. உட்கார்ந்து தின்று பெருத்துப் போயிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

நீர்க்கோவை, மூச்சுப்பிடிப்பு என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தீர்கள். வீரம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கந்தோரில் உட்கார்ந்திருந்த கதிரை முறிந்து நீங்கள் விழுந்த இடம் வந்ததும், "கதிரைக்கு இப்ப எப்படி இருக்காம்?" என்று கேட்டாள். ஆறு மாதக்காரி, சிரிப்பை அடக்க முடியாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஒரே பாதிரியார் பள்ளியில்தான் இரண்டு பேரும் படித்தோம். நீங்கள் கண்டிக் கந்தோரில் மேசை போட்டு ஐந்து கோப்பித் தோட்டங்களுக்குக் கடிதம் எழுதும் கிளாக்கர். கங்காணியைக் கை நீட்டி அடித்ததால் எனக்குக் கோப்பிப் பழம் பறிக்கும் கூடை. அதற்காக நான் அழவில்லை. ஆனால் உட்கார்ந்திருப்பதையும் ஒரு கஷ்டம் என்று எனக்கே எழுதுகிறீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

மருந்து வேண்டுமானால் வாருங்கள். வத்தேகமவிலிருந்து அரிசி மூட்டையைத் தலையில் ஏற்றி இந்த மலைக்குக் கொண்டுவந்தால் பத்து நாளில் உங்கள் கால் உங்கள் கண்ணுக்குத் தெரியும்.

தம்பி,
அழகமுத்து

*

கண்டி,
1874 செப்டம்பர் 15

தம்பி அழகமுத்துவுக்கு ஆசீர்வாதம்.

உன் கடிதத்தில் மரியாதையாக இருந்தது 'அண்ணன்' என்ற சொல் ஒன்றுதான். போகட்டும். உன் வாய்க்குக் கிடைத்த கூலிதான் உன் கூடை.

காலை எட்டு மணி முதல் மாலை ஐந்து வரை குனிந்து எழுதுகிறவன் படும் பாடு உனக்குத் தெரியாது. கதிரை முறிந்த அன்று பெரிய துரை என்ன சொன்னார் தெரியுமா? "இன்னொரு கதிரை முறிஞ்சா, நீயும் வெளியே, கதிரையும் வெளியே." மற்றக் கிளாக்கர்மார் மைக்கூட்டைப் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள்.

வெள்ளைக்கார டாக்குத்தரிடம் போனேன். சோற்றை விடு, தினமும் நட என்றார். இப்போது விடியற்காலையில் அம்பிட்டிய ஏற்றத்தில் நடக்கிறேன். மூச்சு வாங்கினால் உட்கார இடம் வேண்டுமே, அதனால் கிடங்குக் கூலி இராமையா ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருகிறான். சனிக்கிழமைகளில் கோப்பி நிறுக்கும் தராசில் ஏறி நிற்கிறேன். இருநூற்றுப் பதினெட்டு ராத்தல் இருந்தேன், இப்போது இருநூற்றொன்பது.

வீரம்மாவைக் கனமானது எதையும் தூக்க வேண்டாம் என்று சொல்.

அன்புடன்,
சுந்தரலிங்கம்

*

ஹுன்னஸ்கிரிய,
1874 செப்டம்பர் 27

அண்ணன் அவர்களுக்கு,

நீங்கள் ஒன்பது ராத்தல் இறங்கியதை எழுதினீர்கள். கதிரையோடு மலை ஏறிய இராமையா எத்தனை ராத்தல் இறங்கினார் என்று எழுதவில்லை. அவரைத் தராசில் ஏற்றியிருக்க மாட்டீர்கள். இங்கேயும் எங்களை யாரும் நிறுப்பதில்லை, நாங்கள் சுமந்து வருவதைத்தான் நிறுக்கிறார்கள்.

கனமானது தூக்க வேண்டாமாம் என்று வீரம்மாவிடம் சொன்னேன். "அப்ப பழக்கூடைய உங்க அண்ணன் வந்து தூக்குவாரா? இல்ல, அவருக்குப் பின்னாடி கதிரை தூக்குற ஆள அனுப்புவாரா?" என்கிறாள். நீங்களே அவளுக்குப் பதில் எழுதுங்கள்.

பழம் சிவக்கத் தொடங்கிவிட்டது. இனி ஞாயிற்றுக்கிழமையும் மலையில்தான்.

அழகமுத்து

*

கண்டி,
1874 அக்டோபர் 18

அன்புள்ள தம்பிக்கு,

நூற்றுத் தொண்ணூற்றொன்று! பழைய கோட்டுப் பொத்தான் பூட்டுகிறது. இராமையாவின் கதிரை இப்போது தேவையில்லை.

நேற்று கந்தோருக்கு மூன்று தோட்டத்துத் துரைமார் வந்திருந்தார்கள். பெரிய துரை என்னை அவர்கள் நடுவில் நிறுத்தி, "சுந்தரம், என்ன மந்திரம் செய்தே?" என்று கேட்டார். "சோத்த விட்டேன் துரை. வயிறு லேசானா கால் தானா ஓடுது" என்றேன். துரை மேசையில் ஓங்கித் தட்டினார். "கேட்டீங்களா? சோறு கொஞ்சம், வேலை ஜாஸ்தி!" ஒரு துரை என் கையைப் பிடித்துக் குலுக்கினார். தம்பி, வெள்ளைக்காரன் கை. அது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது.

தலைமைக் கிளாக்கர் வேலை எனக்குத்தான் என்று சொல்லிவிட்டார்கள். கை வைத்த புதுக் கதிரையும் வந்துவிட்டது. இப்போதாவது உன் அண்ணனை நினைத்துப் பெருமைப்படு.

சுந்தரலிங்கம்

*

ஹுன்னஸ்கிரிய,
1874 நவம்பர் 2

அண்ணன் அவர்களுக்கு,

நேற்று அரிசி போடும் நாள். வாரா வாரம் கொடுப்பதில் கால் பங்கைக் குறைத்துவிட்டார்கள்.

கேட்டோம். கங்காணி ஒரு கடிதத்தைத் தூக்கிக் காட்டினார். "தொர உத்தரவு. சோறு கொறஞ்சா ஒடம்பு லேசாகும், வேல ஓடும். கண்டியில ஒரு கிளாக்கரே பத்தியம் இருந்து பாத்துட்டாரு. அவரு என்ன செத்தா போயிட்டாரு?"

அந்தக் கடிதத்தை நான் பார்த்தேன் அண்ணா. எழுத்து உங்களுடையது.

வீரம்மா எட்டு மாதக்காரி. அரை நாள்தான் நிற்க முடிகிறது, அதனால் கூலிக் கணக்கில் அரைப் பேர்தான் போடுகிறார்கள். அரைப் பேருக்கு அரை அரிசி. இப்போது அதிலும் கால் பங்கு இல்லை. நேற்று அளந்து போட்டதை மடியில் கட்டிக்கொண்டு அவள் சொன்னாள்: "உங்க அண்ணன் வயித்தக் கொறைக்கிறது சரி. என் வயித்துல ஏன் கை வைக்கிறாரு?"

இந்த முறை அவள் சிரிக்கவில்லை. நீங்கள் துரையிடம் வேறு என்னென்ன சொன்னீர்கள், எழுதுங்கள்.

அழகமுத்து

*

கண்டி,
1874 நவம்பர் 10

தம்பிக்கு,

கேட்டதற்குப் பதில் சொன்னேன். எழுதச் சொன்னதை எழுதினேன். கிளாக்கரின் வேலை அதுதான். உத்தரவு போட்டது நானா?

நானும்தான் சோற்றை விட்டேன். என் உடம்புக்கு என்ன கெடுதல் வந்தது? டாக்குத்தர் சொன்னபடி சோற்றுக்குப் பதில் இறைச்சி சாப்பிடுகிறேன். முஹம்மது நானா கடையிலிருந்து தினமும் ஒரு ராத்தல் ஆட்டிறைச்சி வருகிறது, காலையில் மூன்று முட்டை. துரை அதைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கேட்காததை எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தால் அந்த இடத்தில் உட்கார முடியாது.

உங்கள் லயத்து அறைகளில் இருக்கும் ஆட்கள் சோற்றை மலை போலக் குவித்துத் தின்கிறவர்கள். கொஞ்சம் குறைந்தால் ஒன்றும் ஆகாது. வீரம்மாவுக்கு மட்டும் முட்டை வாங்கிக் கொடு.

சுந்தரலிங்கம்

*

ஹுன்னஸ்கிரிய,
1874 நவம்பர் 14

அண்ணன் அவர்களுக்கு,

முட்டை வாங்கிக் கொடு என்று எழுதுகிறீர்கள், எந்தக் காசில்?

வியாழக்கிழமை வீரம்மா சரிவில் கூடையோடு விழுந்தாள். சிதறிய பழத்தைப் பொறுக்கி முடிக்கும்வரை அவளைத் தூக்கக் கங்காணி யாரையும் விடவில்லை. பிள்ளை அசைகிறது என்று லயத்து மருத்துவச்சி சுப்பம்மா சொல்கிறார். "ஆனா தாய் வயித்துல சோறு வேணும்டா, வேற மருந்து என்கிட்ட இல்ல" என்றும் சொன்னார். எழுந்து நிற்க முடியாதவளுக்கு அரைப் பேரும் இல்லை. என் அரிசியைத்தான் இரண்டு பேரும் தின்கிறோம். பக்கத்து அறைக்காரர் கஞ்சித் தண்ணீர் தருகிறார். அவரிடமும் அதற்குமேல் இல்லை.

நீங்கள் அனுப்பி எங்களுக்கு மட்டும் எதுவும் வர வேண்டாம். ஐந்து தோட்டத்து ஆட்களின் அரிசியைக் குறைத்தது நீங்கள் பாதியில் நிறுத்திய ஒரு பேச்சு. மீதிப் பாதியைச் சொல்லுங்கள். "துரை, நான் சோற்றை விட்டபோது தினமும் ஒரு ராத்தல் இறைச்சி தின்றேன்." இவ்வளவுதான். கதிரை போய்விடும் என்று பயப்படுகிறீர்கள். போகட்டும் அண்ணா. நின்றுகொண்டு வாழ்கிறவர்கள் இங்கே இருநூறு பேர் இருக்கிறோம்.

சொன்னதும் எழுதுங்கள்.

அழகமுத்து

*

ஹுன்னஸ்கிரிய,
1874 நவம்பர் 29

அண்ணன் அவர்களுக்கு,

இரண்டு தப்பால் வந்து போய்விட்டது. உங்களிடமிருந்து ஒன்றும் இல்லை. கடிதம் கிடைக்கவில்லையோ என்று தப்பால்காரரிடம் கேட்டேன். "அவரு கையிலதான் குடுத்தேன். நின்னுக்கிட்டே படிச்சாரு. மடிச்சு கோட்டுப் பையில போட்டாரு. அப்புறம் உள்ள போயி உக்காந்துட்டாரு" என்கிறார்.

இன்றும் அரிசி குறைவாகத்தான் அளந்தார்கள். வீரம்மா எழுந்திருக்கவில்லை. பிள்ளையின் அசைவு நேற்றை விட இன்று குறைவு என்று சுப்பம்மா என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னார்.

வேறு எதுவும் கேட்கவில்லை. இது கிடைத்த மறுநாள் காலை கந்தோர் திறந்ததும் துரையின் அறைக்குப் போங்கள். கதவைத் தட்டுங்கள். சொல்லுங்கள்.

அழகமுத்து