இந்தப் பெட்டியில் கொசுறு இல்லை

கோலோன், பனாமா
செவ்வாய்க்கிழமை, மழை விடாத மதியம்

மதிப்பிற்குரிய மீன்கொத்தி அவர்களுக்கு,

வணக்கம். இணைய ஏலத்தில் நீங்கள் எடுத்த பன்னிரண்டாவது பொருளை நாளைக் காலை உங்கள் ஊர் சித்ரேக்குப் போகும் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன். அதே கண்ணாடி உருண்டைதான், கவிழ்த்துப் பிடித்தால் உள்ளே பனி கொட்டுமே, அது. வழக்கம்போல ரொட்டிக்கடை விலாசத்துக்கே அனுப்புகிறேன். பழைய துணியில் மூன்று சுற்று சுற்றியிருக்கிறேன். ஓட்டுநரிடம், "இது உடைஞ்சா உன் மண்டையும் உடையும்" என்று சொல்லித்தான் கொடுப்பேன், கவலைப்படாதீர்கள்.

வாங்குபவர்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிற ஆள் இல்லை நான். நன்றி என்று ஒரு சீட்டு, கொசுறாக மூன்று தேங்காய் மிட்டாய், அவ்வளவுதான். ஆனால் உங்களிடம் ஒன்று கேட்டே ஆக வேண்டும். என் மகள் சியோமாரா வீட்டை விட்டுப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஒரு போன் இல்லை, ஒரு வரி இல்லை. அவள் திரும்பி வருவாளா மாட்டாளா? இதைப் போய் நம்மிடம் ஏன் கேட்கிறாள் இந்தப் பொம்பளை என்று நினைப்பீர்கள். சொல்கிறேன், முதலில் இருந்து சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும்.

துறைமுகத்து மொத்த வியாபாரக் கிடங்கில் இருபத்தாறு வருஷம் நின்றுகொண்டே வேலை பார்த்தவள் நான். முழங்கால் போனதும், "போதும்மா, வீட்ல உக்காருங்க" என்று அனுப்பிவிட்டார்கள். உட்கார்ந்தால் சுவர்தான் தெரிகிறது. சரி, நமக்குத் தெரிந்தது சாமான் ஒன்றுதான், மொத்தமாக வாங்கி ஏலத்தில் விற்போம் என்று கிளம்பினேன். அந்தக் கிடங்கில் விற்காமல் தங்கிப்போன பெட்டிகளைத் திறந்து காட்ட மாட்டார்கள். தூக்கிப் பார்க்கலாம், மோந்து பார்க்கலாம், காதில் வைத்துக் குலுக்கிப் பார்க்கலாம். குலுக்கியே உள்ளே இருப்பதைச் சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு திமிர் உண்டு. நான்கு பெட்டி குலுக்கினேன். தளக் தளக் என்றது. சென்ட் பாட்டில் என்று சத்தியம் செய்து வாங்கி வந்தேன்.

வீட்டில் பிரித்தால் பனி! இருநூறு கண்ணாடி உருண்டை. கிறிஸ்துமஸ் முடிந்த ஜனவரி மாதம், சட்டை முதுகில் ஒட்டுகிற ஊரில், பனி. கீழ் வீட்டு செனோபியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அடியே எர்மெலிந்தா, கோலோன்ல பனி விக்கிற ஒரே ஆளு நீதான்டி! ஐஸ் வண்டிக்காரன் சண்டைக்கு வரப் போறான் பாரு" என்றாள். அவளுக்கும் ஒரு உருண்டை கொடுத்து வாயை அடைத்தேன்.

சிரிப்பு அது இல்லை. இந்த வியாபாரத்தை முதலில் சொன்னதே என் மகள்தான். "மொத்தமா வாங்கி வீட்ல வச்சுட்டு, போன்ல ஏலம் விட்டா நாடு பூரா விக்கலாம்மா" என்று ஆறு பெட்டி குடையோடு ஒரு நாள் வந்து நின்றாள். கிடங்கில் அன்றைக்கு எனக்கு என்ன கடுப்போ. பால்கனியில் நின்றுகொண்டு தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். "கண்ணால பாக்காத சாமான எவன்டி வாங்குவான்? வீடா இது, கிடங்கா? இந்தப் பெட்டிங்க இருக்கணுமா, நீ இருக்கணுமா, முடிவு பண்ணு" என்றேன். தெருவில் சிலர் சிரித்தார்கள். அவள் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு தானும் போய்விட்டாள். இன்றைக்கு என் சாப்பாட்டு மேஜைக்கு அடியில்கூடப் பெட்டிதான்.

என் முதல் ஏலம் மாலை ஐந்து மணிக்கு முடிவதாகப் போட்டிருந்தேன். மூன்று மணிக்கே போனோடு ஆடும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கடலில் கால்வாய்க்குள் நுழையக் காத்திருந்த கப்பல்கள் மழையில் பாதி அழிந்து தெரிந்தன. மடியில் இருந்த உருண்டையைக் கவிழ்த்தேன். உள்ளே ஒரு சின்ன மஞ்சள் வீடு, அதன் மேல் பனி மெதுவாக இறங்கியது. வெளியே மழை, உள்ளே பனி, எது எங்கே பெய்கிறது என்றே தெரியாமல் கண் சொருகிவிட்டது. கப்பல்கள் மேலெல்லாம் பனி விழுவதுபோலவும், அந்த மஞ்சள் வீட்டுக்குள் யாரோ அடுப்பு மூட்டுவதுபோலவும் கனவு. தேங்காய்ப்பால் சோறு வேகிற வாசனைகூட வந்தது. திடுக்கிட்டு விழித்தால் ஐந்தாக இன்னும் நான்கே நிமிஷம். ஒருத்தரும் கேட்டிருக்கவில்லை.

அப்போதுதான் நீங்கள் வந்தீர்கள். மீன்கொத்தி என்று ஒரு பெயர், கேட்டது ஒரே ஒரு விலை. ஒருவர் கேட்டதும் இன்னொருவருக்கு ஆசை வந்துவிடும், ஏலத்தின் குணம் அது. அடுத்த வாரம் தாவீது நகரத்தில் இருந்து ஒருவர் கேட்டார், அப்புறம் சாந்தியாகோவில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரம்மா. கடை நடக்க ஆரம்பித்துவிட்டது. ஆனால் எந்த உருண்டையை யாருமே கேட்கவில்லையோ அதைக் கடைசி நிமிஷத்தில் எடுப்பது நீங்கள்தான். இந்த மனுஷருக்குப் பனி மேல் என்ன அப்படி ஒரு மோகம் என்று செனோபியாவும் நானும் பேசிச் சிரிப்போம்.

போன மாதம் மிட்டாயில் வாசனைக்காகக் கிராம்பு தட்டிப் போட்டேன். எல்லோரும் நன்றாக இருந்தது என்று எழுதினார்கள். உங்களிடமிருந்து மட்டும் இப்படி வந்தது: "உருண்டை பத்திரமா வந்துச்சு. ஆனா மிட்டாய்ல கிராம்பா? எனக்குப் பிடிக்காதுன்னு தெரியாதா?" நான் இரண்டாம் முறை படிப்பதற்குள் அந்தச் செய்தி அழிந்துவிட்டது.

முகம் தெரியாத ஒருவருக்குக் கிராம்பு பிடிக்காது என்று விற்கிறவளுக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியும். நாலு வயசில் பல்வலிக்குக் கிராம்பு வைத்ததற்கு என் விரலைக் கடித்தவள் ஒருத்தி உண்டு. தழும்பு இன்னும் இருக்கிறது.

இதற்கு மேல் "நீங்கள்" என்று எழுத எனக்கு வராது. சியோமாரா, என் கண்ணே, நீதானே?

போனைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அப்புறம் கோபம் வந்தது, அப்புறம் மறுபடி அழுதேன். அம்மாவின் கடை படுத்துவிடக் கூடாது என்று யாரும் சீந்தாத பனியை எல்லாம் வாங்கி எங்கேடி வைத்திருக்கிறாய்? அந்த ரொட்டிக்கடை மாடியில் ஒரு சின்ன அறை இருக்கும் என்று நானே கற்பனை செய்துகொள்கிறேன். சித்ரே வெயிலில், ஜன்னல் ஓரம் பதினொரு மஞ்சள் வீடு, பதினொன்றிலும் பனி. நீ வேலை முடிந்து வந்து ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைக்கிறாய். சில மதியங்களில் அந்த அறைக்குள் நானும் ஒரு ஓரமாக உட்கார்ந்திருக்கிறேன்.

உன் குடைகள் எல்லாம் விற்றதா? நீ சொன்னதுதான் சரி. கண்ணால் பார்க்காமலே வாங்குகிறார்கள். தெரு சிரிக்கும்படி உன்னைப் பேசினேனே, அது பெரிய தப்பு. அன்றைக்கு இரவே உன் பின்னால் ஓடி வந்திருக்க வேண்டும், வரவில்லை. அதுவும் தப்பு. என்னை மன்னித்துவிடு. "பஸ் ஏறிப் போய்க் கூட்டிட்டு வாயேன்டி" என்று செனோபியா தினமும் திட்டுகிறாள். நான் வந்து நின்றால் அந்த விலாசத்தையும் மாற்றிக்கொண்டு போய்விடுவாயோ என்று பயமாக இருக்கிறது. அதனால்தான் பொட்டலத்துக்குள் ஒளிந்து வருகிறேன்.

வீடு முழுக்கப் பெட்டி என்றேன் இல்லையா? உன் கட்டில் மேல் மட்டும் ஒன்றுகூட வைக்கவில்லை.

இந்தப் பெட்டியில் கொசுறு இல்லை. துணியை உதறித் தேடாதே. கொசுறு தராமல் ஏமாற்றியவளை நம் ஊரில் யாரும் சும்மா விடுவதில்லை, வாசலுக்கே வந்து சண்டை போட்டு வாங்கிக்கொண்டுதான் போவார்கள். சின்ன வயசில் அந்தச் சண்டையில் உன்னை மிஞ்ச ஆள் கிடையாது, மளிகைக்கடைக்காரர் உன்னைக் கண்டாலே மிட்டாய் ஜாடியைத் திறந்துவிடுவார். கிராம்பு போடாத தேங்காய் மிட்டாய் ஒரு டப்பா நிறையச் செய்து வைத்திருக்கிறேன். அதை பஸ்ஸில் ஏற்ற மாட்டேன். நீ எழுதிக் கேட்டாலும் அனுப்ப மாட்டேன்.

கடவுள் உன் தலைமேல் கை வைத்தபடியே இருக்கட்டும். இங்கே மழை, வரும்போது உன் குடையில் ஒன்றை எடுத்துக்கொண்டு வா. வந்து சண்டை போடு.

உன் கொசுறைப் பிடித்து வைத்திருக்கும்
அம்மா
எர்மெலிந்தா