சீனத்து இராசாவும் பேசாலைச் சேனாபதியும்

ஞாயிறு, மே 4

ரொய்ஸ்ரன் கூத்தை விட்டுப் போய்விட்டான். தன்னோடு எட்டுப் பேரையும் கூட்டிக்கொண்டு. எல்லாம் அவனுடைய ஊர்க்காரர், பேசாலை ஆட்கள். காலையிலிருந்து சிரொக்கோ, பாலைவனத்துச் சூட்டுக் காற்று. கார்க் கண்ணாடி முழுக்கச் செம்மண் தூள்.

காரணம் நோட்டீஸ். பொலிதேயாமாச் சதுக்கத்து அச்சகத்தில் கொடுத்து, நல்ல தாளில், கலரில் அடித்தேன். மேலே முடியோடு என் படம். இராசா என்று என் பெயர். அடுத்து கூத்துப் பழக்கும் அண்ணாவியார், மத்தளக்காரர். சேனாபதி ரொய்ஸ்ரன் அதற்கும் கீழே. மற்ற எட்டுப் பேருக்கும் இடம் போதவில்லை, "மற்றும் பலர்" என்று போட்டாயிற்று. பூசை முடிந்து கோயில் வாசலில் நானே நின்று கொடுத்தேன். ரொய்ஸ்ரன் வாசித்துவிட்டு நாலாக மடித்தான்.

"அண்ணை, எங்கடை ஊர்ச் சனம் முழுக்க மற்றும் பலரோ?"

"இடம் காணாது தம்பி."

"உங்கடை முகத்துக்கு இடம் கண்டிருக்கே."

நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். பிலோவும் சிரித்தாள். கட்டின மனைவி.

பின்னேரம் ஒத்திகைக்கு ஒன்பது பேரும் இல்லை. ஸ்ரனிஸ்லாஸ் பக்கம் போய்விட்டார்களாம். ஸ்ரனிஸ்லாஸ் என்றால் என் பலசரக்குக் கடைக்கு எதிர்ப்பக்கம் போன் கடை வைத்திருப்பவன். அவனும் நாங்கள் ஆடுகிற அதே ஞாயிறு கூத்துப் போடுகிறானாம், ரொய்ஸ்ரன்தான் அதில் இராசாவாம்.

என் புத்தகத்தில் நான் பொய் எழுதத் தேவையில்லை. இந்த இராசா வேஷம் எனக்கு வேண்டும். வந்த புதிதில் கூலிக்குப் படிக்கட்டு கழுவின காலத்திலிருந்து இந்த ஊரில் கூத்துக்கு உடுப்பு எடுத்துக் கொடுத்தவன் நான். மேடையை மறுநாள் கழற்றினவனும் நான். ஒரு தடவைகூட மேலே ஏறினதில்லை. குரல் சுமார். இந்த இராசாவுக்குப் பாட்டு குறைவு, வசனம் கூட. சீனக் கதையை எடுத்ததே அதற்காகத்தான்.

செவ்வாய், மே 6

காற்று விட்டுவிட்டது. கடைக்குச் சாமான் எடுக்க லின்னிடம் போனேன். வாளி, தும்புத்தடி, ரப்பர் கையுறை. பெரிய சட்டி வரவில்லை.

கூத்துக் கதை லின் சொன்னதுதான். மொத்தக் கடைச் சீனன், தேநீர் ஊற்றினால் கதை சொல்லாமல் விடமாட்டான். இருவருக்கும் அரைகுறை இத்தாலியன். ஹான் வம்சம் முடியப்போகிற காலம். சக்கரவர்த்தி சின்னப் பிள்ளை; பிள்ளை எவன் கையில் இருக்கிறதோ நாடு அவன் கையில். ஆளுக்கொரு படை. அதில் ஒரு சேனாபதி. சண்டையில் அவனை அடிக்க ஆளில்லை. ஒருவனை அப்பா என்று கும்பிடுவான், பிறகு வெட்டுவான், அடுத்தவனை அப்பா என்பான். கடைசியில் சொந்த ஆட்களே அவனைக் கட்டிக் கொண்டுபோய் எதிரியிடம் கொடுக்கிறார்கள். அந்த எதிரி அவனைக் கொன்று, சக்கரவர்த்திப் பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டே தானும் இராசாவாகிறான். அதுதான் என் வேஷம்.

லின்னிடம் நடந்ததைச் சொன்னேன். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான்.

"உன் சேனாபதி ஓடிவிட்டானா? நல்லது. கதை சரியாகப் போகிறது."

"சிரிக்காதே. போன இடத்தில் அவனுக்கு இராசா வேஷம்."

"அங்கே வேறு ஒருவன் இராசாவாகக் காத்திருப்பான். விசாரித்துப் பார்." பிறகு, "உன் இராசா எதிரியிடமிருந்து ஓடிவந்த ஒருவனை வரவேற்க, செருப்புக்கூடப் போடாமல் ஓடினான், தெரியுமா?" என்றான்.

நான் செருப்போடுதான் போவேன் என்றேன். கையுறைக்கு விலை குறைக்கவில்லை.

வியாழன், மே 8

வெயில். வீட்டு வேலைக்குப் போகிற எங்கள் ஆட்களுக்கு அரைநாள் லீவு, ஒரேத்தோ தெரு ஹோலில் ஒத்திகை. ஆறு பேர் வந்தார்கள். மத்தளக்காரர் வரவில்லை, முதுகு நோவாம். ஸ்ரனிஸ்லாஸின் ஹோலில் அந்த முதுகு நன்றாக நிமிர்ந்திருந்ததாம்.

சொன்னது ஜெறோம், பேசாலை எட்டில் ஒருவன். இரண்டு ஒத்திகைக்கும் போய்வருகிறான்.

"நீ எந்தப் பக்கமடா?"

"அண்ணை, அங்கை றோல்ஸ் தருகினம். இஞ்சை வெறும் தேத்தண்ணி."

அடுத்த தடவை இங்கேயும் இறைச்சி வைத்துப் பொரித்த றோல்ஸ். பிலோவிடம் சொல்ல வேண்டும்.

சக்கரவர்த்திப் பிள்ளையாக அல்போன்ஸ், வயது ஐம்பது, மொட்டை. வேலை செய்கிற வீட்டுச் சிஞ்ஞோராவின் நாயை உலாத்திவிட்டு வரப் பிந்திவிட்டது. படை இல்லாமல் நான் தனியே நின்று "பிடியுங்கள் அவனை" என்று கத்தினேன். பிடிக்க ஆளுமில்லை, பிடிபட ஆளுமில்லை. அல்போன்ஸ் இரக்கப்பட்டுத் தன் கையை நீட்டினான்.

அண்ணாவியார் என்னை ஒதுக்கிக் கூட்டிப் போனார். "முதலாளி, வேஷத்தைப் பிரிச்சுக் குடுங்கோ. ஊரிலை ஒரு இராசாவை மூண்டு பேரும் ஆடுறவை. நீங்கள் முன் இராசா. சேனாபதி செத்தாப்பிறகு ரொய்ஸ்ரன் உடுப்பை மாத்திக்கொண்டு பின் இராசாவா வரட்டும்."

"முடிசூட்டு பின் பாதியிலை எல்லோ இருக்கு?"

"அதுதான் அவனும் கேப்பான்."

மாட்டேன் என்றேன். முடி இல்லாத இராசாவுக்கு ஏன் இராசா வேஷம்?

சனி, மே 10

கடைக்கு ஸ்ரனிஸ்லாஸ் வந்தான். இத்தனை வருடத்தில் முதல் தடவை. கறித்தூள் ஒரு பக்கெற் எடுத்தான். சாமான் தட்டு எல்லாவற்றையும் கண்ணால் அளந்தான். மற்ற ஆட்கள் போகும்வரை நின்று பிறகு கதைத்தான்.

"அவனுக்கு இராசா எண்டுதான் வாக்குக் குடுத்தனான். இப்ப என்ரை மச்சான் கேக்கிறான். மனிசியின்ரை தம்பி, என்ன செய்யிறது?"

"அதுக்கு?"

"ரெண்டு கூத்தையும் ஒண்டாக்குவம். என்ரை ஹோல், உன்ரை கதை. நீ இராசா, முழு இராசா. மச்சான் சேனாபதி. மத்தளம் என்னட்டை நிக்குது. ரொய்ஸ்ரன் றோட்டிலை நிக்கட்டும். உன்னை விட்டிட்டு வந்தவன், நாளைக்கு என்னையும் விட்டிட்டுப் போவான்."

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். ஆசையாகத்தான் இருந்தது. நான் கேட்டது முழுக்கத் தட்டில் வைத்து வந்திருக்கிறது. முடி, ஹோல், மத்தளம், எல்லாம். இரண்டு முறை போனை எடுத்தேன், ஓம் என்று சொல்ல.

பிலோ அரிசி மூட்டையில் குந்தி நகம் வெட்டிக்கொண்டு கேட்டிருக்கிறாள். "அவர் தூளும் வாங்கிக்கொண்டு போறார் எண்டால், அவருக்கு ஆள் காணாது."

"அது தெரியும்."

"மச்சான்காரன் பாடினதைக் கேட்டனீங்களோ? போன கலியாண வீட்டிலை மைக்கை நிப்பாட்டினவை."

கேட்டிருக்கிறேன். முடியைத் தலையில் வைத்துக்கொண்டு, சனம் எழும்பிப் போவதைப் பார்க்க வேண்டியிருக்கும். ரொய்ஸ்ரன் கட்டுண்டு பாடும் பாட்டுக்குக் கடைசி வரிசை வாங்கில் இருக்கிறவனும் எழும்பமாட்டான். அந்தப் பாட்டு முடிந்த கையோடு நான் பேசினால் என் சுமார்க் குரலும் எடுபடும். இதுதான் கணக்கு.

ஞாயிறு, மே 11

முதல் பூசை. பிறகு கடலோரத்து ஸ்ஃபெர்ராகவால்லோ. கடல் தட்டையாகக் கிடந்தது. ரொய்ஸ்ரன் வேலை செய்கிற ரெஸ்ரோறண்டின் பின்பக்கம், வாளி நிறையச் சிப்பி, கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தான். எழும்பவில்லை.

"ஸ்ரனிஸ்லாஸ் அண்ணை உங்கடை கடைக்கு வந்தவராம்."

"ஓம்."

"என்னை வித்துப்போட்டாரோ?"

"வித்தவர். நான் இன்னும் வாங்கேல்லை."

"என்ன சொன்னனீங்கள்?"

"நாளைக்கெண்டு."

"இண்டைக்குத்தானே அந்த நாளைக்கு." சிப்பி ஒன்றை வாளிக்குள் எறிந்தான். "நோட்டீஸை விடுங்கோ அண்ணை, அது கோவத்திலை கதைச்சது. சேனாபதி பாதியிலை செத்திடுவான். பிறகு நான் என்ன செய்யிறது? திரைக்குப் பின்னாலை சோடா குடிச்சுக்கொண்டு உங்கடை முடிசூட்டைப் பாக்கிறதோ?"

அண்ணாவியார் சொன்ன பிரிப்பைச் சொன்னேன். முடிசூட்டை மட்டும் எனக்கு விடு, மிச்சம் உனக்கு என்றேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினான். முடி சூடின பிறகு வந்தால் அது பின் இராசா இல்லை, பின்னால் நிற்கிற இராசா என்றான். மூன்று பாட்டுக் கூட்டித் தருகிறேன் என்றேன். அதற்கும் இல்லை. உள்ளே இருந்து சமையல்காரர் அவன் பெயரைச் சொல்லிக் கத்தினார். வாளியைத் தூக்கிவிட்டான்.

"எட்டுப் பேரும் வருவினமோ?"

"நான் வந்தால் வருவினம். ஜெறோமுக்கு மட்டும் றோல்ஸ் வேணுமாம்."

வாளியை வைக்கச் சொன்னேன். வைத்தான். பேசி முடித்தது இதுதான்:

நோட்டீஸ் மறுபடி அடிப்பது, என் செலவில். படம் யாருக்கும் இல்லை. எல்லாப் பெயரும் ஒரே எழுத்து, "மற்றும் பலர்" கிடையாது. சேனாபதி செத்ததும் அவன் உடுப்பு மாற்றிப் பின் இராசாவாக வருவான், மங்களம் வரை. முன் இராசா நான். முடிசூட்டு அவனுக்கு. முடியை நான் மேடைக்குக் கொண்டுவந்து, என் கையால் அவன் தலையில் வைத்துவிட்டு, உடனே இறங்கிவிட வேண்டும். அந்த இடத்தில் எனக்கு வசனம் இல்லை.